பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே

வேகவைத்த ஏத்தன் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தபோது என் கடைவாய்ப்பல் ஒன்று உடைந்தது. எலும்போ கல்லோ கடிபட்டிருந்தால் நம்பியிருப்பேன். பழம் வாயில் வைத்ததும் குழைகிற அளவுக்கு வெந்திருந்தது. நாக்கில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட, கையில் துப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் கூராக, என் பல்லின் துண்டு. வலிக்கவில்லை. சமையலறையில் நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. காட்ட ஆளில்லை. ஒரு காகிதத்தில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கேரள எல்லைக்குள், பாறசாலை ஜங்ஷனை ஒட்டி ஒரு தனியார் லேபில் இரத்தம் எடுக்கிற வேலை. வீடு பனச்சமூடு போகிற வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவில். பஸ் இறங்கி ஒரு ஏற்றம் நடக்க வேண்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த வருடங்களில் நான்தான் பார்த்தேன். அவள் போன பிறகு அந்த வீட்டில் நான் மட்டும். ஒரே தம்பி, பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறான்.

பல் டாக்டரைப் பார்க்க நெய்யாற்றின்கரைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு கிளினிக். டாக்டர் சின்னப் பெண். என் வாய்க்குள் கண்ணாடியை விட்டு நெடுநேரம் பார்த்தாள். மற்றப் பற்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். பிறகு முகக்கவசத்தை இறக்கி மலையாளத்தில் கேட்டாள்.

"சேச்சிக்கு ராத்திரி பல்லு கடிக்குந்ந சீலமுண்டோ?"

அப்படி எதுவும் எனக்குத் தெரியாது என்றேன். பல் கடிக்கிற ஆளுக்கு அது தெரியாதாம். பக்கத்தில் படுப்பவர்தான் சத்தம் கேட்டு மறுநாள் சொல்வாராம்.

"வீட்டில ஆரும் பறஞ்ஞிட்டில்லே?"

"வீட்டில ஞான் ஒற்றைக்கா."

அவள் சட்டென்று கையுறையைச் சரிசெய்துகொண்டாள். என் பற்களின் மேல்பரப்பெல்லாம் தேய்ந்து தட்டையாகிக் கிடக்கிறதாம், வருடக்கணக்காக நடந்திருக்கிறதாம். அதற்குப் பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, என் இரண்டு கன்னங்களின் ஓரத்திலும், காதுக்குக் கீழே விரல்களை வைத்து, பல்லைக் கடிக்கச் சொன்னாள். கடித்தேன். "இப்போ விடு" என்றாள். விட்டேன். "விட்டில்லல்லோ" என்றாள். நான் விட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன். அவள் விரலால் மெதுவாக வட்டமாக அழுத்தியபோது, உள்ளே கல் மாதிரி ஏதோ இருந்தது இளகுவது எனக்கே தெரிந்தது. உடனே கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வேதனிச்சோ?" என்று பதறினாள்.

வலிக்கவில்லை என்று தலையாட்டினேன். என்ன சொல்வது? தினமும் எத்தனையோ பேருடைய கையைப் பிடிக்கிறேன். நரம்பு தேடி முழங்கை மடிப்பைத் தடவுகிறேன். என் முகத்தை இன்னொருவர் தொட்டு எத்தனை காலமாயிற்று என்று அந்த நாற்காலியில் சாய்ந்து கிடந்தபோதுதான் நினைத்துப் பார்த்தேன்.

பல்லை அடைத்து அனுப்பினாள். படுக்கும்போது பற்களின் மேல் போட்டுக்கொள்ள ஒரு உறை செய்து தருவதாகவும், பகலில் நான் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்றும் சொன்னாள். உதடு மூடியிருக்கலாம், பற்கள் தொடக்கூடாது. சாப்பிடும்போது தவிர வேறு எப்போதும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். மறந்துபோகும் என்பதால் வீட்டில் கண்படும் இடங்களில் எதையாவது ஒட்டி வைக்க வேண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பல் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

லேபில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தக் குப்பிகளுக்கு அடையாளமாக நாங்கள் ஒட்டுகிற சின்ன மஞ்சள் வட்டங்கள் உண்டு. ஒரு தாள் கொண்டுவந்தேன். குளியலறைக் கண்ணாடி, ஃப்ரிட்ஜ், மோட்டார் சுவிட்ச், போனின் பின்புறம், அம்மாவின் அறைக்கதவு, வெளிக்கேட்டின் கொண்டித் தாழ்ப்பாள் என்று ஒட்டினேன். ஒட்டும்போதே எங்கெல்லாம் பல் கடிபடும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அம்மாவின் அறைக்கதவில் கட்டாயம். லேபில், காலையில் வரிசையில் நின்று சண்டை போடுகிறவர்களிடம் கட்டாயம்.

இரண்டுமே தப்பு. லேபில் என் வாய் தளர்ந்துதான் இருந்தது. நரம்பு கிடைக்காமல் மூன்றாம் முறை குத்த வேண்டி வந்தபோதுகூட பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. அம்மாவின் கதவைத் திறந்து உள்ளே போய்த் தூசி தட்டினேன். மனசு கனத்தது, ஆனால் தாடை சும்மா இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதும் ஒன்றுமில்லை.

கேட்டில்தான் பிடிபட்டது.

எங்கள் கேட்டுக்கு எதிரே, பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு அக்காவின் வீடு. அறுபது வயதிருக்கும். தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போவாள், ஒரு பசு வைத்திருந்தாள். அவள் புருஷன் ஆரியங்கோட்டுப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் காவலுக்கு இருந்தார், வாரத்தில் பாதி நாள் அங்கேதான். சாயங்காலம் நான் ஏற்றம் ஏறி வரும்போது அக்கா பசுவுக்குப் புல் போட்டுக்கொண்டு நிற்பாள்.

"வாறியா பிள்ளே? வல்லதும் தின்னியா?"

"தின்னாச்சு அக்கா."

இது வருடக்கணக்காக நடக்கிற பேச்சு. அன்றைக்கு "தின்னாச்சு" என்று சொல்லிக்கொண்டே கொண்டியைத் தொட்டேன். மஞ்சள் வட்டம் கண்ணில் பட்டது. பற்கள் இறுகிக் கிடந்தன. தோள்கள் காதுப்பக்கம் ஏறியிருந்தன. செருப்புக்குள் கால்விரல்கள் மடங்கியிருந்தன. மூச்சு பாதியில் நின்றிருந்தது. பாம்பைக் கண்டவள் மாதிரி நின்றேன். எதிரே ஒரு பாவப்பட்ட அக்காவும் ஒரு பசுவும்தான்.

நான் தின்றிருக்கவில்லை என்பதுதான் விஷயம். மத்தியானம் லேபில் இரண்டு துண்டு ரொட்டி, அதற்குப் பிறகு பால் விடாத கட்டன்சாயா. பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். வீட்டுக்கு வந்தால் ஒரு பழம், இன்னொரு கட்டன்சாயா. வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை, தலைவலிக்கு மாத்திரை. தலைவலிக்காகக் கண்ணாடியைக்கூட மாற்றினேன். காலையில் லேபில் நான் எல்லோரிடமும் கேட்கிற முதல் கேள்வியே, "வெறும் வயிறுதானே? ஒண்ணும் தின்னேல்லியே?" என்பதுதான். மறைக்கிறவர்களும் உண்டு. இட்லி தின்றுவிட்டு வந்து இல்லை என்பார்கள். நான் அதற்கு நேர் எதிரான பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எப்போது தொடங்கியது என்று யோசித்தேன். அம்மாவை அடக்கம் செய்த பிறகு சபையிலிருந்து பெண்கள் கஞ்சியும் பயறும் கொண்டுவந்தார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச்சுக்குப் பின்னால் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசுவது கேட்டது.

"பாவம். ஒத்தைக்கு ஒருத்திக்கு வேண்டி ஆரு தீ மூட்டுவா? இனி அது கிட்டினதத் தின்னுட்டுக் கெடக்கும்."

"அது" என்றுதான் சொன்னாள். வீட்டுப் பூனையைச் சொல்கிற மாதிரி. அதில் கெட்ட எண்ணம் கிடையாது, எங்கள் பக்கம் இரக்கப்பட்டால் அப்படித்தான் வரும். ஆனால் ஈரக்கையோடு அங்கே நின்றபோது, இனி ஒருவர் கையாலும் கஞ்சி வாங்குவதில்லை என்று தீர்மானித்தேன். அடுத்த வாரம் பாத்திரத்தோடு வந்தவர்களிடம், "தின்னாச்சு, நானே வச்சேன்" என்று சிரித்தேன். பிறகு அது பழகிவிட்டது. அவர்கள் வருவதும் நின்றது. அந்தப் பெண் சொன்னபடியே நான் கிடைத்ததைத் தின்றுகொண்டு கிடந்தேன். எனக்கு அது உறைக்கவே இல்லை.

தலையில் எடுத்த தீர்மானத்தைத் தாடை இத்தனை வருடம் சுமந்திருக்கிறது. இப்படி ஒன்றை நான் அதுவரை யோசித்ததில்லை. உடம்பு என்றால் எனக்கு இரத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஒரு அச்சடித்த தாளில் வருகிற எண்கள்.

தெரிந்துகொண்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மோசமானதுதான் மிச்சம். எந்நேரமும் வாயையே கவனித்துக்கொண்டிருந்தேன். கடித்திருந்தால் கோபம் வந்தது. "மறுபடியுமா?" என்று என்னையே திட்டினேன். என் தாடைக்கு நானே போலீஸ்காரியாகிப் போனேன். போனில் யாரோ சொல்லித்தருகிற மூச்சுப் பயிற்சியைச் செய்துபார்த்தேன். கண்ணை மூடி உட்கார்ந்தால் வீட்டின் சத்தமின்மைதான் காதில் அடித்தது. தலைவலி கூடியது. ஒரு சனிக்கிழமை நகத்தால் கீறி அத்தனை மஞ்சள் வட்டங்களையும் பிய்த்துப் போட்டேன். ஃப்ரிட்ஜில் பசை மட்டும் அழுக்காக ஒட்டிக்கொண்டு நின்றது.

அதற்கடுத்த வாரம் லேபில் ஒரு அம்மா வந்தாள். ஊசி என்றால் பயம். கையை முறுக்கிக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முஷ்டியின் மேல் கையை வைத்தேன்.

"அம்மா, பயம் உண்டுன்னா இருக்கட்டும். ஒண்ணும் குற்றமில்ல. கைய மட்டும் எனக்குத் தாருங்க. நான் பிடிச்சிருக்கேன்."

அவள் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. இதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்குத்தான் என் குரலை நானே கேட்டேன். எவ்வளவு மெதுவான குரல்! இந்தக் குரலில் நான் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

மஞ்சள் வட்டங்களை மறுபடி ஒட்டவில்லை. தேவைப்படவும் இல்லை. கடித்திருப்பது தெரியும்போது, தெரிகிறது என்று விட்டுவிட ஆரம்பித்தேன். அவசரமாகத் திறக்க முயற்சி செய்யவில்லை. இப்போது எதை நினைத்தேன், யாருக்கு என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று மட்டும் பார்த்தேன். சில நேரம் தாடை தானாக இறங்கியது. சில நேரம் இறங்கவில்லை.

தம்பி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடுவான். எப்போதும் ஒரே கேள்விதான்.

"அக்கா, ஒண்ணும் பிரச்சனையில்லையே?"

அந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நான் "ஒண்ணுமில்லடா" என்றால் அவன் குழந்தைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். அன்று அவன் கேட்டதும் பற்கள் சேர்ந்தன. காதுக்குக் கீழே விரலை வைத்து, டாக்டர் செய்த மாதிரி வட்டமாக அழுத்தினேன்.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குது. எனக்கொரு பல்லு உடைஞ்சுபோச்சு."

"அய்யோ, எப்படி? விழுந்துட்டியா?"

"விழேல்ல. பல்லக் கடிக்கேனாம். ராத்திரி."

அந்தப் பக்கம் தொலைவில் டி.வி. ஓடுவது கேட்டது.

"அதுக்கு மருந்து உண்டா?"

"உறை மாதிரி ஒண்ணு தருவாங்க."

"சரி... இங்க வந்து கொஞ்ச நாள் நில்லேன்."

அவன் வீடு இரண்டு அறை. அவனுக்கும் அது தெரியும். "பாப்போம்" என்றேன். "உடம்பப் பாத்துக்கோ" என்று வைத்தான். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் பல் உடைந்ததை ஒருவரிடம் சொல்லியாயிற்று. பேசும்போது வாய் தளர்ந்திருந்தது, போன் நின்றதும் மறுபடி இறுகியது. இரண்டையும் பார்த்தேன்.

பிறகு ஒருநாள், மழை வரப்போகிற சாயங்காலம். ஏற்றம் ஏறி வந்தேன். அக்கா பசுவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாறியா பிள்ளே? வல்லதும் தின்னியா?"

என் தாடை இறுகியது. கொண்டியில் கையை வைத்தபடி நின்றேன்.

"இல்லக்கா. ஒண்ணும் தின்னேல்ல."

அக்கா கையில் கயிற்றோடு நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் அப்படியொரு பரிதவிப்பு.

"அய்யோ மக்கா! இண்ணைக்கு நானும் ஒண்ணும் வைக்கேல்லியே! அவரு அங்க இல்லியா கெடக்காரு. எனக்கு மட்டும் எதுக்குன்னு சும்மா இருந்துட்டேன்."

இரண்டு பேரும் பாதையின் இரண்டு பக்கமும் நின்றோம். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

"மரச்சீனி உண்டு. பிடுங்கி இட்டிருக்கு. வா, அவிப்போம்."

அவள் சமையலறையில் பலகை போட்டு உட்கார்ந்து நான் மரவள்ளிக்கிழங்கின் தோலை உரித்தேன். அவள் காந்தாரி என்கிற சின்ன மிளகாயும் உள்ளியும் உப்பும் வைத்து அம்மியில் நசுக்கினாள். தேங்காயெண்ணெய் ஊற்றியதும் அந்த மணத்தில் வாயில் நீர் ஊறியது. அப்படி ஊறுவது என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. கிழங்கு வெந்து ஆவி பறக்க, தட்டில் போட்டுத் தின்றோம். காரத்தில் கண், மூக்கெல்லாம் ஒழுகியது.

"அக்கா, டெய்லி என்கிட்ட கேக்குதியளே, தின்னியான்னு. ஒருநாளு நான் இல்லன்னு சொன்னா என்ன செய்வியன்னு நெனச்சதில்லியா?"

அவள் கிழங்கை நசுக்கின மிளகாயில் தோய்த்துக்கொண்டே யோசித்தாள்.

"உள்ளதச் சொல்லுதேன் மக்கா. நீ தின்னாச்சுன்னுதான் சொல்லுவ. அந்த தைரியத்துலயாக்கும் கேக்குதது."

எனக்கு அது குத்தவில்லை. அவ்வளவு நேராக ஒருவர் என்னிடம் பேசியே நாளாகியிருந்தது. அவளுக்கும் அந்தக் கேள்வி ஒரு கொண்டி மாதிரிதான். கேட்டுவிட்டுச் சாத்திக்கொள்ளலாம். பாதைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, இரண்டு பேருமே தீ மூட்டாமல் எத்தனை சாயங்காலங்களைக் கழித்திருக்கிறோமோ.

அதற்குப் பிறகு நாங்கள் தினமும் சேர்ந்து தின்றோம் என்று சொன்னால் பொய். சில நாள் அவள் கூப்பிட்டாள், சில நாள் நான் மீன்குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். பல நாட்கள் இருவருக்கும் அலுப்பு, கையசைத்துவிட்டு உள்ளே போய்விடுவோம். மழைக்காலம் முடியும்போது அவள் மகள் பிரசவத்துக்காகக் கூப்பிட்டாள் என்று பசுவை விற்றுவிட்டுத் திருவனந்தபுரத்துக்குப் போனாள். புருஷன் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். எதிர்வீட்டு வாசலில் ரப்பர் சருகு சேர்ந்துகொண்டே இருந்தது. அவள் எப்போது வருவாள் என்று தெரியாது. வந்தாலும் கொஞ்ச நாள்தான் என்று போனில் சொன்னாள்.

அவள் போன முதல் வாரம் நான் மறுபடி ரொட்டிக்கும் கட்டன்சாயாவுக்கும் திரும்பினேன். வயிறு எரிந்தது. முன்பென்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறந்திருப்பேன். இப்போது அப்படி மறக்க முடியவில்லை. உடம்பு ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டால், கேட்காத மாதிரி இருப்பதற்குத் தனியாகப் பாடுபட வேண்டியிருக்கிறது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று எனக்குக் கை அளவே இல்லை. அம்மாவுக்கும் எனக்குமாகப் போட்ட அளவுதான் தெரியும். முதலில் சோறு மிஞ்சியது, பிறகு குறைந்தது. மெல்ல மெல்லப் பிடிபட்டது. சமைத்து முடித்து மேஜையில் தட்டை வைக்கும்போது எதிர் நாற்காலி கண்ணில் படும். பற்கள் சேரும். சேர்ந்தது தெரியும். கொஞ்சம் காத்திருந்துவிட்டு முதல் கவளத்தை எடுப்பேன்.

டாக்டர் கொடுத்த உறையைப் போட்டுக்கொண்டுதான் இப்போதும் படுக்கிறேன். அதில் கடித்த தடங்கள் விழுகின்றன. முன்னைவிடக் குறைவு என்று அவள் சொல்கிறாள். முழுக்க நிற்காது என்றும் சொல்கிறாள்.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் பனச்சமூட்டுச் சந்தைக்குப் போனேன். நெத்திலி நன்றாக இருந்தது. மீன்காரி தமிழில் விலை சொன்னாள், முன்னால் நின்றவளுக்கு மலையாளத்தில் மீதி கொடுத்தாள். வீட்டுக்கு வந்து மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, வயிறு நிறையத் தின்றுவிட்டு, முன்னறையில் பாயைப் போட்டுச் சும்மா சாய்ந்தேன். தூங்கப்போகிறேன் என்று நினைக்கவே இல்லை. விழித்தபோது வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. கன்னம் ஈரமாக இருந்தது. அழுதேனோ என்று தொட்டுப் பார்த்தேன். எச்சில். வாயைத் திறந்து போட்டுக்கொண்டு, கைக்குழந்தை மாதிரி தலையணையெல்லாம் வடியவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கேலி செய்திருப்பார்கள். யாரும் இல்லை. தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டு, மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கேட்டபடி இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.